பகிர்வுக் கோப்புறை திடீரென்று கடவுச்சொல் கேட்கிறது: மார்த்தாண்டம் அலுவலகச் சிக்கலும் அதையொட்டிய குறிப்புகளும்

27 அக்டோபர் 2025, மாலை: வாசகர் கேள்வி (மார்த்தாண்டம்)

எங்களுடையது ஒரு தணிக்கையாளர் அலுவலகம். விண்டோஸ் 10க்கான ஆதரவு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிவதால், ஒரு கணினியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிட்டு, விண்டோஸ் 11 உள்ள மூன்று புதிய கணினிகளை வாங்கினோம். கணக்கு எழுதும் மென்பொருளான டேலியின் தரவு முழுவதும் அவற்றுள் ஒன்றில் இருக்கிறது. மற்ற இரண்டிலிருந்தும் அந்தக் கோப்புறையைத் திறக்க முயன்றால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு பெட்டி வருகிறது. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் அதே பெட்டி மறுபடியும் வருகிறது. மாற்றாமல் விட்ட பழைய கணினியோ எதையும் கேட்காமல் உள்ளே போகிறது. விண்டோஸ் 11தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பழையதற்கே திரும்பிவிடலாமா?

27 அக்டோபர், இரவு

திரும்ப வேண்டாம். பெட்டி எந்த இடத்தில் முளைக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கோப்புறையைச் சொடுக்கியதும், உங்களிடம் எதுவும் கேட்காமலேயே விண்டோஸ் ஒரு முறை கதவைத் தட்டிப் பார்த்துவிடுகிறது. அந்தக் கணினிக்கென்று ஏற்கெனவே சேமித்து வைத்த பெயர் இருந்தால் அதைச் சொல்கிறது. இல்லாவிட்டால், காலையில் நீங்கள் எந்தப் பெயரில் உங்கள் கணினிக்குள் நுழைந்தீர்களோ அந்தப் பெயரைச் சொல்கிறது. எதிர்க் கணினி அதை ஏற்றுக்கொண்டால் பெட்டியே வராது. ஆகவே பெட்டி வந்துவிட்டது என்றால், யாரோ ஒருவரின் பெயர் ஏற்கெனவே அங்கே போய், மறுக்கப்பட்டுத் திரும்பியிருக்கிறது என்று பொருள். அது யார் பெயர் என்பதுதான் என் முதல் கேள்வி.

பெட்டி வந்ததில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கேபிள், ஸ்விட்ச், ஃபயர்வால் ஆகிய எதிலும் பழுது இல்லை; கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட் திறந்திருக்கிறது. வலையமைப்பு 'பப்ளிக்', அதாவது நம்பத்தகாத பொது இணைப்பு, என்று மாறிப்போயிருந்தால் பெரும்பாலும் 'பாதையைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற செய்திதான் வரும். பெயர் கேட்கும் அளவுக்குப் பேச்சு நடந்திருக்காது.

எனவே புதிய கணினிகளில் எந்தப் பெயரில் நுழைகிறீர்கள், அது மின்னஞ்சல் கணக்கா உள்ளூர்க் கணக்கா, காலையில் நுழையும்போது தட்டுவது கடவுச்சொல்லா பின் எண்ணா என்று எழுதுங்கள்.

28 அக்டோபர், காலை

பகிர்வைத் திறக்கப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்க வைக்கும் 'பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்' என்ற அமைப்பை அணைத்துவிட்டால் தீர்ந்தது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் பாதிக் கடைகளில் இதுதான் வைத்தியமாக நடக்கிறது என்பதை நானும் அறிவேன். ஆனால் இது தணிக்கையாளர் அலுவலகம். பிறருடைய பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வருமானக் கணக்கும் கிடக்கிற கோப்புறையை, வைஃபையில் இணைந்த எந்தக் கைபேசியும் திறந்து பார்க்கும்படி விடுவதை வைத்தியம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கும் மேலாக, அது இப்போது பலிப்பதும் இல்லை. விண்டோஸ் 11 புரோ பதிப்பின் 24எச்2 வெளியீட்டிலிருந்து, பெயரில்லாத விருந்தினர் நுழைவு முன்னிருப்பாகவே மறுக்கப்படுகிறது. கையொப்பமிட்ட பரிமாற்றமும், அதாவது ஒவ்வொரு செய்தியிலும் அனுப்பியவரை உறுதிசெய்யும் மின்முத்திரையும், அதில் கட்டாயம். விருந்தினராக நுழைபவரால் கையொப்பமிட முடியாது.

விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை இயக்கிப் பாருங்கள் என்றவருக்கு: 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது அந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 வெளியீட்டிலிருந்து, புதிதாக நிறுவும்போது அந்தப் பதிப்பின் சர்வர் பகுதி முன்னிருப்பாகச் சேர்க்கப்படுவதில்லை. இந்தச் சிக்கலுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

28 அக்டோபர், இரவு

கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார். மின்னஞ்சல் கணக்கு, பின் எண்.

அப்படியானால் பாதி விளங்கிவிட்டது. பின் எண் என்பது வீட்டின் உள்தாழ்ப்பாள் மாதிரி. அந்த ஒரு கணினிக்குள் மட்டுமே அது செல்லும், வலையமைப்பின் வழியாக அடுத்த கணினிக்கு அதைச் சொல்ல வழியே இல்லை. பெட்டியில் பின் எண்ணைத் தட்டியிருந்தால் அது ஆயுளுக்கும் மறுக்கப்படும். அந்த மின்னஞ்சல் கணக்கு எதிர்க் கணினியிலும் இருந்தால், முழு மின்னஞ்சல் முகவரியையும் அந்தக் கணக்கின் உண்மையான கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். பலருக்கு அந்தக் கடவுச்சொல்லே மறந்துபோயிருக்கும், ஏனென்றால் வாங்கிய நாளுக்குப் பிறகு அதைத் தட்டியிருக்கவே மாட்டார்கள்.

டேலி உள்ள கணினியில் பகிர்வுக்கென்றே ஒரு உள்ளூர்க் கணக்கை உருவாக்கி, அதற்கு ஒரு கடவுச்சொல்லும் வையுங்கள். வெற்றுக் கடவுச்சொல் உள்ள கணக்கு, கணினியின் முன் உட்கார்ந்து நுழைய மட்டுமே உதவும். வலையமைப்பு வழியாக விண்டோஸ் அதை ஏற்காது. பிறகு பெட்டியில் எழுதும்போது, எதிர்க் கணினியின் பெயர், பின்சாய்கோடு, கணக்கின் பெயர் என்ற வரிசையில் முழுமையாக எழுதுங்கள். வெறும் பெயரை எழுதினால் எந்தக் கணினியின் பெயர் அது என்ற குழப்பத்துக்கு இடம் கொடுத்தது போலாகும்.

30 அக்டோபர்

இன்னும் தீரவில்லையாம். உள்ளூர்க் கணக்கை உருவாக்கி, முழுப் பெயரோடு கொடுத்தும் மறுப்பு. நடுவில் 1219 என்ற பிழை எண்ணும் வந்திருக்கிறது.

1219 தனிக் கதை. ஒரே நுழைவில், ஒரே எதிர்க் கணினியோடு, இரண்டு வெவ்வேறு பெயர்களில் பேச விண்டோஸ் சம்மதிக்காது. காலையில் ஒரு பெயரில் இணைந்திருந்து, மாலையில் இன்னொரு பெயரில் முயன்றால் இந்த எண் வரும். 'நெட் யூஸ்' என்று கட்டளை கொடுத்தால் இப்போது நிலுவையில் உள்ள இணைப்புகள் தெரியும். அதே கட்டளையோடு நட்சத்திரக் குறியும் சாய்கோட்டுடன் 'டெலீட்'டும் சேர்த்தால் அனைத்தும் அறுபடும். அறுப்பதற்கு முன் எல்லாக் கணினிகளிலும் டேலியை மூடிவிடுங்கள்; எழுதிக்கொண்டிருக்கும் தரவின் நடுவே இணைப்பைத் துண்டிப்பது நல்லதல்ல. அடுத்து, கண்ட்ரோல் பேனலில், சேமித்த பெயர்களும் கடவுச்சொற்களும் கிடக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' பகுதியில் அந்தக் கணினியின் பெயரிலும் அதன் ஐ.பி. எண்ணிலும் கிடக்கும் பதிவுகள் இரண்டையும் நீக்குங்கள். விண்டோஸைப் பொறுத்தவரை பெயரும் ஐ.பி. எண்ணும் இரண்டு வெவ்வேறு கணினிகள். அதனால்தான், பெயரில் போனால் கேட்கிறது, எண்ணில் போனால் கேட்கவில்லை என்று சிலர் வியக்கிறார்கள்.

2 நவம்பர்

குளச்சலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர் இதே இழையில் தம் சிக்கலை எழுதியிருக்கிறார். மார்த்தாண்டம் சிக்கலை விட இது எனக்குச் சுவையாக இருக்கிறது. கல்யாணப் படங்களெல்லாம் ஒரு நாஸ் பெட்டியில், அதாவது வலையமைப்பில் இணைந்த சேமிப்புப் பெட்டியில், கிடக்கின்றன. படத்தொகுப்புச் செய்பவர்களின் மூன்று கணினிகளும் கேள்வியில்லாமல் அதைத் திறக்கின்றன. உரிமையாளரின் கணினியை மட்டும் அது கடவுச்சொல் கேட்டுத் தடுக்கிறது. எல்லாமே விண்டோஸ் 10. உரிமையாளருக்குத்தானே எல்லா உரிமையும் இருக்க வேண்டும் என்று அவர் கேட்பது நியாயம்தான்.

அவர் தம் கணினியில் வைத்திருக்கும் பெயர் 'அட்மின்'. நாஸிலும் 'அட்மின்' என்றொரு பெயர் உண்டு, கடவுச்சொல் மட்டும் வேறு. இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலும் ஓடுவது சம்பா என்ற மென்பொருள். தனக்குத் தெரியாத பெயரில் யாராவது வந்தால் அவரை விருந்தினராக ஏற்றுக்கொள், தெரிந்த பெயரில் தவறான கடவுச்சொல்லோடு வந்தால் விரட்டிவிடு என்று அதில் அமைக்க முடியும். மற்ற மூவரின் பெயர்களும் நாஸுக்கு முன்பின் தெரியாதவை. அதனால் அவர்கள் விருந்தினர்களாக உள்ளே போய்விட்டார்கள். உரிமையாளர் தெரிந்த பெயரில் போய் மாட்டிக்கொண்டார்.

மூவரின் கணினிகளையும் விண்டோஸ் 11 புரோவுக்கு மாற்றும் நாளில் இந்த விருந்தும் முடிந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அப்போது பெட்டி வராமல், 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் நுழைவைத் தடுக்கிறது' என்ற பொருளில் ஒரு செய்தி வரலாம். நான்கு பேர் வேலை செய்யும் ஸ்டூடியோவில் அந்தக் கொள்கையை வகுத்தது யார் என்று தேட வேண்டாம். நாஸில் ஆளுக்கொரு கணக்கை இப்போதே உருவாக்கிவிடுங்கள்.

5 நவம்பர்

தக்கலையிலிருந்து மூன்றாவது சிக்கல். எல்லாக் கணினிகளும் காலையில் ஒழுங்காக இருக்கும். பதினொரு மணி வாக்கில் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் பெட்டி வரும். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும்.

தானாக வந்து தானாகப் போகிறது என்றால் கணக்குப் பூட்டப்படுகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். விண்டோஸ் 11இன் 22எச்2 வெளியீட்டிலிருந்து, புதிதாக நிறுவிய கணினிகளில் பத்து முறை தவறான கடவுச்சொல் வந்தால் அந்தக் கணக்கு பத்து நிமிடம் பூட்டப்படும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் மறுப்புதான். தக்கலையில் எல்லோரும் ஒரே கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன் கடவுச்சொல்லை மாற்றியவர்கள், மூலையில் நிற்கும் ஜெராக்ஸ் மெஷினை மறந்துவிட்டார்கள். ஸ்கேன் செய்ததை நேரே கோப்புறையில் போடும்படி அமைத்திருந்த அந்த இயந்திரத்துக்குள் பழைய கடவுச்சொல்லே இருக்கிறது. பதினொரு மணிக்கு யாரோ ஒருவர் பத்திரக் கட்டை ஸ்கேன் செய்யத் தொடங்குகிறார். இயந்திரம் தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கணக்கைப் பூட்டுகிறது. அடுத்து இணைய முயல்பவர்களுக்கெல்லாம் பெட்டி வருகிறது.

ஸ்கேனருக்குத் தனிக் கணக்கு வையுங்கள். அது பூட்டப்பட்டாலும் மற்றவர்களின் வேலை நிற்காது.

6 நவம்பர்

'ரவுட்டரை அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து போட்டால் சரியாகிவிடுகிறது' என்று தக்கலைக்காரர் முன்பு எழுதியிருந்ததற்கு இப்போது விளக்கம் கிடைத்துவிட்டது. டீக்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். ரவுட்டருக்கு இதில் பங்கில்லை.

9 நவம்பர், ஞாயிறு

இன்று மார்த்தாண்டத்துக்கே போய்ப் பார்த்தேன். விடுமுறை என்பதால் மேம்பாலத்துக்குக் கீழேகூட வண்டியை நிறுத்த இடம் கிடைத்தது.

மறுக்கிற கணினியிடமே காரணத்தைக் கேட்க வேண்டும் என்பது என் வழக்கம். டேலி இருக்கும் கணினியில், நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். தோல்வியடைந்த நுழைவுகள் பாதுகாப்புப் பதிவில் 4625 என்ற எண்ணோடு விழும். அந்தப் பதிவுக்குள் துணை நிலைக் குறியீடு ஒன்று இருக்கும். அது 64 என்று முடிந்தால் அப்படியொரு பெயரே இங்கில்லை, 6ஏ என்று முடிந்தால் பெயர் சரி, கடவுச்சொல் தவறு, 234 என்று முடிந்தால் கணக்குப் பூட்டப்பட்டிருக்கிறது. இங்கே பதிவில் ஒன்றுமே இல்லை. தோல்விகளைக் குறித்துவைக்கும் தணிக்கை அணைந்திருந்தது. தணிக்கையாளர் அலுவலகத்தில் தணிக்கை அணைந்திருக்கிறது என்று அங்கிருந்த மூத்த கணக்கர் அக்காவே சொல்லிச் சிரித்தார்.

அதை இயக்குவதற்கு முன் சிஸ்டம் பதிவையும் ஒரு பார்வை பார்க்கலாம் என்று நகர்ந்தபோதுதான், 6167 என்ற எண்ணோடு, நுழைவுகளைச் சரிபார்க்கும் விண்டோஸ் பகுதியான எல்.எஸ்.ஏ. எழுதிய எச்சரிக்கை வரிசையாகக் கிடந்ததைக் கண்டேன். கணினியின் அடையாளத்தில் பகுதி முரண்பாடு இருக்கிறது என்பது அதன் சாரம். உடனே டேலி கணினியிலும் மற்றொரு புதிய கணினியிலும் கட்டளைத் திரையைத் திறந்து, 'ஹூஆம்ஐ' என்பதோடு சாய்கோடும் 'யூசர்' என்பதும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தேன். பயனர் பெயருக்கு எதிரே ஒரு நீண்ட அடையாள எண் வரும். 21க்குப் பிறகு வரும் மூன்று பெரிய எண்கள் கணினிக்குரியவை, கடைசியில் வரும் சிறிய எண் மட்டுமே பயனருக்குரியது. இரண்டு திரைகளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்தோம். மூன்று பெரிய எண்களும் ஒன்றே. மூன்றாவது கணினியிலும் அதே எண்கள். பழைய கணினியில் மட்டும் வேறு.

விற்றவர் ஒரு கணினியில் விண்டோஸை நிறுவி, அந்த வட்டை அப்படியே நகலெடுத்து மற்ற இரண்டிலும் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். கணினியின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். கடை எது என்பது இங்கே தேவையில்லை, ஏனென்றால் இதைப் பல கடைகளும் செய்கின்றன. 2025 ஆகஸ்ட் 29 முதல் வெளியான புதுப்பிப்புகளுக்குப் பிறகு, விண்டோஸ் 11இன் 24எச்2, 25எச்2 வெளியீடுகளும் விண்டோஸ் சர்வர் 2025உம் இந்த அடையாள எண்ணைச் சரிபார்க்கின்றன. ஒரே எண்ணைக் கொண்ட இரண்டு கணினிகள் ஒன்றையொன்று நுழைய விடுவதில்லை. கடவுச்சொல் சரியாக இருந்தாலும் பெட்டி திரும்பத் திரும்ப வரும்.

பின் எண் குழப்பமும் 1219உம் உண்மையாகவே இருந்தவைதான். அவற்றை விலக்கிய பிறகுதான் இது தனியாகத் தெரிந்தது.

10 நவம்பர்

'ஒரே அடையாள எண் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று பல வருடமாகச் சொல்லி வந்தார்களே' என்று ஒருவர் கேட்கிறார். சொன்னவர் சாதாரண ஆளும் இல்லை. விண்டோஸை ஆராய உதவும் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் ருசினோவிச், கணினிகளின் எண் ஒன்றாக இருப்பதால் நடைமுறையில் கேடில்லை என்று 2009இல் எழுதி, அந்த எண்ணை மாற்றுவதற்கென்றிருந்த நியூசிட் கருவியையும் விலக்கிக்கொண்டார். அன்றைய நிலையில் அது சரியாகவே இருந்தது. ஆனால் நகலெடுப்பதற்கு முன் கணினியின் அடையாளத்தை நீக்கும் சிஸ்பிரெப் செய்யாமல் நகலெடுத்த கணினிகளை ஆதரிப்பதில்லை என்ற மைக்ரோசாஃப்டின் நிலைப்பாடு அப்போதும் மாறவில்லை. கடைகள் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டன.

தற்காலிகமாக இந்தச் சோதனையைத் தளர்த்தும் ஒரு கொள்கையை மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பிரிவிடம் கேட்டுப் பெறலாம். பெரிய நிறுவனங்களுக்கு அது அவகாசம் தரும். மூன்றே கணினிகள் உள்ள இடத்தில் இரண்டை மறுபடியும் நிறுவுவதே விரைவான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வாசகர், மாற்று மென்பொருள் எதையாவது கொண்டு எண்ணை மட்டும் மாற்றிவிடலாம் என்கிறார். ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகக் கணினியில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

ஒன்றைத் தொடாமல் விடலாம், டேலி இருக்கும் கணினியை. மூன்றில் இரண்டு மாறினால் போதும், மூன்றும் வேறு வேறாகிவிடும். மாதாந்திர ஜி.எஸ்.டி. படிவமான ஜி.எஸ்.டி.ஆர். 3பி தாக்கல் 20ஆம் தேதி முடியட்டும் என்று கணக்கர் அக்கா கேட்டுக்கொண்டார். அதுவரை டேலி வேலை அந்தக் கணினியிலும் பழைய கணினியிலுமாக நடக்கும்.

23 நவம்பர், ஞாயிறு

இரண்டு கணினிகளும் புதிதாக நிறுவப்பட்டன. எண்கள் இப்போது மூன்றிலும் வேறு வேறு. டேலி கணினியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல் என்று 'நெட் யூசர்' கட்டளையால் உருவாக்கி, அந்தந்தக் கணினியின் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேர்த்தோம். ஒருவருக்குப் பெட்டி வரவே இல்லை. இன்னொருவருக்கு வந்தது.

இந்த முறை பெட்டியின் அடியில் சிவப்பு எழுத்தில் இருந்த சின்ன வரியைத்தான் பார்க்கச் சொன்னேன். பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்று அதில் இருந்திருந்தால் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். அதில் இருந்தது 'ஆக்சஸ் இஸ் டினைடு'. அதாவது ஆளைத் தெரிகிறது, ஆனால் இந்தக் கோப்புறைக்குள் அவருக்கு அனுமதி இல்லை. பகிர்வு அனுமதியில் அவர் பெயரைச் சேர்த்திருந்தோம். கோப்புறையின் 'செக்யூரிட்டி' பக்கத்தில் சேர்க்கவில்லை. இரண்டிலும் இருந்தால்தான் நுழைய முடியும், இரண்டில் எது இறுக்கமானதோ அதுவே செல்லும். சேர்த்தவுடன் திறந்துவிட்டது.

4 டிசம்பர்

நேற்றுக் கோட்டாறு சவேரியார் திருவிழா என்பதால் யாரும் எழுத மாட்டார்கள் என்று நினைத்தேன். அதற்குள் இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. குளச்சல் ஸ்டூடியோக்காரர் நாஸில் தம் கணக்குக்கு வேறு பெயர் வைத்துவிட்டார், சிக்கல் தீர்ந்தது.

மற்றக் கேள்வி மார்த்தாண்டத்திலிருந்தே. 'நெட் அக்கவுன்ட்ஸ்' என்று கட்டளை கொடுத்துப் பார்த்ததில், கடவுச்சொல்லின் உச்ச வயது 42 நாள் என்று வருகிறதே, அது நமக்கும் பொருந்துமா என்று கேட்டிருக்கிறார். பொருந்தும். கட்டளையால் உருவாக்கிய உள்ளூர்க் கணக்குகளுக்கு அது முன்னிருப்பாகவே பொருந்தும். கணினியின் முன் உட்கார்ந்து நுழைபவருக்குக் கெடு நெருங்குகிறது என்ற எச்சரிக்கை வரும். பகிர்வுக்கென்றே வைத்த கணக்கில் யாரும் அப்படி நுழைவதில்லை என்பதால் அது எவர் கண்ணிலும் படாது. நவம்பர் 23இல் உருவாக்கியவை ஜனவரி 4ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலாவதியாகும். மறுநாள் காலையில் எல்லோருக்கும் பெட்டி வரும், பதிவில் 71 என்று முடியும் குறியீடு விழும். டேலி கணினியில் 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்' திறந்து, ஒவ்வொரு கணக்கிலும் 'பாஸ்வேர்டு நெவர் எக்ஸ்பயர்ஸ்' என்பதில் குறியிட்டுவிடுங்கள். ஆள் வேலையை விட்டுப் போனால், அன்றைக்கே அந்தக் கணக்கை மட்டும் முடக்கினால் போதும்.